'எங்க காட்டு மரமுங்க': விறகு வெட்டி வண்டி ஏற்றுவதற்கு முன்

கேட்டவரின் நிலவரம் இதுதான். திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் அப்பா காலத்து நான்கு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம். பல வருடமாக ஆடு மாடு இறங்காமல் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. நடுநடுவே வெள்வேல மரங்கள், கிணற்றோரம் ஏழெட்டுத் தேக்கு, வேலியோரம் பனை. இது போக, அந்தியூருக்கு அப்பால் பர்கூர் மலையடிவாரத்தில் மாமனார் வீட்டு நிலம் இரண்டு ஏக்கர். எல்லாவற்றையும் வெட்டித் திருப்பூரில் பாய்லருக்கு விறகாகப் போடலாமா என்று யோசிக்கிறார். விறகு வியாபாரி, "பட்டா நிலத்து மரம், எவன் கேட்பான்?" என்கிறார். பங்காளியோ, "ஃபாரஸ்ட்டில் வண்டியைப் பிடித்தால் திரும்பி வராது" என்கிறார். இரண்டில் எது சரி?

இரண்டும் சரிதான். வியாபாரி சீமைக் கருவேலத்தை மனதில் வைத்துப் பேசுகிறார். பங்காளி மலையடிவாரத்தையும் தேக்கையும் நினைத்துப் பேசுகிறார். ஒரே ஆளின் இரண்டு நிலத்துக்கு இரண்டு விதமான பதில் வரும். ஒரே நிலத்தில் பத்தடி தள்ளி நிற்கும் இரண்டு மரத்துக்கும் பதில் வேறுபடும்.

நான் வக்கீல் இல்லை. விறகு லாரி வைத்து ஓட்டியவன். சாயப்பட்டறை பாய்லர், மஞ்சள் வேகவைக்கும் களம், கல்யாண மண்டபத்து அடுப்பு என்று லோடு இறக்காத இடம் குறைவு. எந்த இடத்தில் வண்டி நிற்கும், எதைக் காட்டினால் கையசைத்து அனுப்புவார்கள் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. நம் கொங்குப் பக்கத்தில் கிணறு இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல், மழையை நம்பிக் கிடந்தால் காடு. "காட்டுக்குப் போயிட்டு வர்றனுங்க" என்றால் சோளத்தட்டு அறுக்கப் போகிறார் என்று அர்த்தம், புலி பார்க்க இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த வனக்காப்பாளர் ஒருவர் எங்கள் வண்டியை நிறுத்தி, "எந்த மரம்?" என்று கேட்டார். டிரைவர் வெள்ளந்தியாக, "எங்க காட்டு மரமுங்க சார்" என்று சொல்லிவிட்டார். அவர் அதை வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டார். மானாவாரி, மேய்ச்சல் நிலம், பட்டா என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து எங்கள் டிரைவர்களுக்கு ஒரே பாடம்: "பட்டா நிலத்து மரம், சர்வே நம்பர் இது" என்று சொல், காடு என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது.

சிரிப்பாக இருந்தாலும் விஷயமே அதுதான். சட்டம் முதலில் கேட்பது இது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்றுதான்.

"வெறும் விறகுதானே, மரமா கடத்துகிறோம்?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். சட்டத்தின் கண்ணில் அந்த வித்தியாசம் பெரிதாகக் கிடையாது. தமிழ்நாட்டில் நடப்பது 1882-ஆம் வருடத்து வனச் சட்டம். பல மாநிலங்களில் உள்ள 1927-ஆம் வருடத்து இந்திய வனச் சட்டம் நமக்குப் பொருந்தாது. யூடியூப் பார்த்துவிட்டு அந்தப் பிரிவு எண்களைச் சொல்லி செக்போஸ்ட்டில் வாதாடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நம் 1882 சட்டப்படி மரம் என்றால் தானாக விழுந்தது, வெட்டியது, துண்டு போட்டது எல்லாமே அடக்கம். அறுத்துச் சட்டமாக்கியதும் மரம்தான், கோடாலியால் பிளந்ததும் மரம்தான். அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்கு 1968-ஆம் வருடத்து மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. "காற்றில் விழுந்ததுங்க, நாங்கள் வெட்டவில்லை" என்பதும் இதனால்தான் எடுபடுவதில்லை.

இவ்வளவு பழைய சட்டம் விறகு வரைக்கும் எதற்கு வந்தது என்றால், அந்தக் காலத்தில் பெரிய பிரச்சினையே விறகுதான். 1862-இல் சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாகப் பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்தது. எஞ்சினுக்குப் போட்டது பெரும்பாலும் விறகு. அதே நூற்றாண்டில் ஊட்டியில் சோலைகளை வெட்டித் தீர்த்துவிட்டு, அடுப்புக்கு இல்லையே என்று யூகலிப்டஸ் நட்டார்கள். இந்தப் பக்கம் ஆனைமலைத் தேக்கு மேலிருந்து சறுக்கி இறங்கியது. டாப்ஸ்லிப் என்ற பேரே அப்படி வந்ததுதான். தின்று தீர்த்த பிறகு போட்ட பூட்டு இது என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனால் பூட்டு பூட்டுதான்.

சரி, இப்போது நடைமுறைக்கு வருவோம். நிற்கிற மரத்துக்கு முகவரி உண்டு, வெட்டிய கட்டைக்குக் கிடையாது. மூன்றடித் துண்டாக்கி லாரியில் அடுக்கிவிட்டால் உங்கள் கொரங்காட்டு வெள்வேலும், வனத்துறையின் காப்புக்காட்டு (ரிசர்வ் ஃபாரஸ்ட்) வெள்வேலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எனக்கும் தெரியாது, ரேஞ்சருக்கும் தெரியாது. அதனால் அது உங்களுடையது என்று காட்டும் வேலை முழுக்க, மரம் வேரோடு நிற்கும்போதே முடிந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களில் நிறையப் பேர் திருடர்கள் இல்லை. வெட்டி ஏற்றிவிட்டுப் பிறகு காகிதம் தேடியவர்கள்.

காகிதம் என்றால் என்ன? நிலத்துக்குக் கம்ப்யூட்டர் சிட்டா, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புலப்படம் (நில அளவைப் படம்). இவற்றோடு கிராம நிர்வாக அலுவலரின் சான்று: இன்ன சர்வே எண்ணில், இன்னார் பட்டாவில், இன்ன மரம் இத்தனை நிற்கிறது என்று. அடங்கலில் மரங்களுக்கு இடம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. தேக்கு நட்டவர்கள் நட்ட வருடமே வி.ஏ.ஓ.விடம் சொல்லி அதில் ஏற்றிவிட வேண்டும். இருபது வருடம் கழித்து அந்த ஒரு வரி உங்களுக்காகப் பேசும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அப்பா பேரில் பட்டா என்றால் இப்போது வாரிசுகள் எத்தனை பேர்? கூட்டுப் பட்டாவில் அண்ணன் தங்கை கையெழுத்து இல்லாமல் வெட்டினால் வனத்துறை வருவதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்து விறகு லோடுகள் பாதி வழியில் நின்றதற்கு ஃபாரஸ்ட்டைவிடப் பங்காளிகள்தான் அதிகக் காரணம்.

வெட்டுவதற்கு முதல் நாள் போனில் லொகேஷன் விழும்படி நாலு போட்டோ எடுத்து வையுங்கள். கிணறு, வேலி, கரண்ட் கம்பம் ஏதாவது ஒன்று மரத்தோடு சேர்ந்து தெரிய வேண்டும். காசு செலவில்லாத சாட்சி.

இனி ஒவ்வொரு மரமாக.

சீமைக் கருவேலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் பட்டா நிலத்திலிருந்து வெட்டி விற்க யாரும் தடுப்பதில்லை. அதை ஒழிக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் பலமுறை உத்தரவு போட்டிருக்கிறது. 2022-இல் அரசும் அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை அறிவித்தது. சவுக்கு, யூகலிப்டஸ், தென்னை ஆகியவையும் பயிர் மாதிரி வெட்டி விற்கும் மரங்கள்தான். பட்டா நகலும் எடைச் சீட்டும் வண்டியில் இருந்தால் போதும். ஆனால் கோர்ட் வெட்டச் சொல்லிவிட்டது என்று குளத்திலும் ஓடைப் புறம்போக்கிலும் நிற்பதை வெட்டக்கூடாது. ஒழிக்க வேண்டிய மரம்தான், ஆனாலும் அது அரசின் மரம். ஊராட்சியோ துறையோ ஏலம் விட்டு, ஏலம் எடுத்தவர்தான் வெட்டலாம். இந்த இடத்தில் சறுக்கியவர்கள் ஏராளம்.

ஒரு தொழில் விஷயம். தரையை ஒட்டி அறுத்துவிட்டுப் போனால் ஒரு மழைக்கு அத்தனையும் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக வரும். ஜேசிபி விட்டுத் தூரோடு, அதாவது வேர்க்கட்டையோடு பிடுங்கச் சொல்லுங்கள். தூருக்கும் விலை உண்டு. நின்று எரிவது அதுதான். வியாபாரி தூரை விட்டுவிட்டு மேல் மரத்துக்கு மட்டும் விலை பேசினால், பிடுங்கும் செலவு உங்கள் தலையில் விழுகிறது என்று அர்த்தம்.

வெள்வேல் வேறு கதை. வெள்வேல், வேம்பு, புளி, வாகை மாதிரி மரங்களை வெட்டுகிறீர்கள் என்றால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு வேண்டாத மரங்களின் விலக்குப் பட்டியல் அரசாணைக்கு அரசாணை மாறும். டீக்கடையில் சொல்லும் பட்டியல் போன ஆட்சியில் போட்டதாக இருக்கும். மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்கினால் அதுவே வழியில் பாதிக் காகிதம்.

என்னைக் கேட்டால் வெள்வேலை விறகாக்கவே வேண்டாம். இது சட்டம் இல்லை, என் அபிப்பிராயம். கொரங்காடு என்பது கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம் மூன்றும் சேர்ந்தது. புல் கருகும் கோடையில் ஆட்டுக்கும் காங்கயம் மாட்டுக்கும் வேலங்காய்தான் வயிற்றைக் காப்பாற்றும். மூன்று நாள் பாய்லரில் எரிந்து போகிற விறகுக்காக முப்பது வருட மரத்தைச் சாய்ப்பது நட்டக் கணக்கு. கிளை கழித்து மிளாறை அடுப்புக்கு எடுங்கள், மரம் நிற்கட்டும். நீங்களே மேய்க்கவில்லை என்றாலும் மரத்தோடு இருக்கும் கொரங்காட்டை மேய்ச்சலுக்குக் குத்தகை கேட்டு வருவார்கள்.

பனையைத் தொடாதீர்கள். முன்பு செங்கல் சூளைக்கு லோடு லோடாகப் பனை போனது. 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். சொந்த வேலியில் நிற்கும் பனைக்கும் சேர்த்துத்தான். வியாபாரி "அதெல்லாம் பேச்சுக்கு" என்று சொல்லுவார். வண்டியில் போகப்போவது அவர் பெயரில்லை, உங்கள் சர்வே நம்பர்.

தேக்குக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

கோபிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முள்மரம், அதாவது சீமைக் கருவேலம் லோடு ஏற்றினோம். எல்லாம் சரியான மரம், சரியான காகிதம். வெட்ட வந்த ஆட்கள் லாரியில் ஓரம் காலியாக இருக்கிறதே என்று கிணற்றோரம் கிடந்த தேக்கங் கிளைகள் நாலைந்தை எடுத்துச் செருகிவிட்டார்கள். நிழல் கட்டுகிறது என்று தோட்டக்காரர் கழித்துப் போட்டிருந்த கிளைகள், கைப்பிடிக் கனம்கூட இருக்காது. ராத்திரி பத்தரை மணி. வண்டியை நிறுத்திய வனக்காவலர் தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடித்தார். கட்டையை அவர் பார்க்கவே இல்லை. இடுக்கில் கசங்கிக் கிடந்த ஒரு கொழுந்து இலையை உருவினார். உள்ளங்கையில் வைத்து இரண்டு தேய்ப்பு தேய்த்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். ரத்தம் பட்டது மாதிரி சிவந்திருந்தது. "இது என்ன முள்ளுங்க?" என்று கேட்டார். தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் கை சிவக்கும் என்பது சின்னப் பிள்ளையில் விளையாடிய விளையாட்டு. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் வண்டி நின்றது. தோட்டக்காரர் சிட்டாவோடும் வி.ஏ.ஓ. சான்றோடும் வந்து, கேஸ் கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கும் இணக்கக் கட்டணம் கட்டி எடுத்தோம். அந்தக் கிளைகளின் விலை டிரைவர் பேட்டாவுக்குக்கூடக் காணாது.

தேக்கு உங்கள் நிலத்தில் நீங்களே நட்டதாக இருந்தாலும், வண்டியில் ஏற வேண்டுமானால் வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். கிளை, சிம்பு எல்லாம் சேர்த்து. முறை இப்படி: வனச்சரக அலுவலருக்கு மனு, கூடவே சிட்டா, அடங்கல், புலப்படம், வி.ஏ.ஓ. சான்று. அவர்கள் வந்து மரத்தை எண்ணிச் சுற்றளவு எடுப்பார்கள். வெட்டிய பிறகு துண்டுகளை அளந்து, எண் போட்டுச் சுத்தியல் முத்திரை அடிப்பார்கள். பிறகு சீட்டு. அதில் வண்டி எண், எங்கிருந்து எங்கே, எந்த வழி, எந்தத் தேதி வரை என்று எல்லாம் இருக்கும். இதில் ஒன்று மாறினாலும் சீட்டு வெறும் தாள்தான். நடு வழியில் ஆக்ஸில் உடைந்து வேறு வண்டிக்கு மாற்றினால், மாற்றுவதற்கு முன்னால் தகவல் சொல்லிச் சீட்டில் திருத்தம் வாங்க வேண்டும். மாற்றிவிட்டுச் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும். செம்மரம் இதைவிடக் கறார். தேக்கை விறகு விலைக்குப் போடுவதே பாவம், அது தனி விஷயம்.

சந்தனம் உங்கள் நிலத்தில் இல்லை என்கிறீர்கள். வேலியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். பறவை எச்சத்தில் முளைத்துக் கிளுவைக்குள் சத்தமில்லாமல் நிற்கும். பட்டா நிலத்துச் சந்தனம் இப்போது நில உடைமையாளருக்கே சொந்தம். ஆனாலும் நீங்களாக வெட்டவோ விற்கவோ முடியாது, வனத்துறை வழியாகத்தான். சத்தியமங்கலத்தில் இதற்கென்றே சந்தனக் கிடங்கு இருக்கிறது. காய்ந்து நின்றாலும் கை வைக்காமல் தகவல் சொல்லுங்கள். ஜேசிபி விடும்போது முள்ளோடு முள்ளாக ஒரு சந்தனக் கன்று போய்விட்டால்கூட பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

நிலத்தைப் பொறுத்த விஷயங்கள் மிச்சம். புறம்போக்கில் அப்பா நட்ட புளியமரம், அனுபவித்து வருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு 2-சி பட்டா என்று மரப்பட்டா உண்டு. அது காய் பறித்துக்கொள்ளும் உரிமை, வெட்டி விற்கும் உரிமை இல்லை. கோயில் நிலத்தில் குத்தகைக்கு இருப்பவர் மரத்தை வெட்ட அறநிலையத்துறை சம்மதம் வேண்டும். நெடுஞ்சாலையோர மரம் நெடுஞ்சாலைத்துறைக்குச் சொந்தம், உங்கள் வாசலுக்கு எதிரே நின்றாலும்.

அந்தியூர் நிலம்தான் இதில் சிக்கலானது. மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அங்கே கோடாலி எடுக்கக்கூடாது.

ஒன்று, எல்லை. காப்புக்காட்டை ஒட்டிய பட்டாவில் காட்டின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பது நில உடைமையாளருக்கே தெரியாமல் இருக்கும். வேலி ஓரிடம், கல் ஓரிடம், புலப்படத்தில் கோடு ஓரிடம். சர்வேயரும் வனத்துறை ஆளும் சேர்ந்து நின்று கல்லைக் காட்டிய பிறகே வெட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் வெட்டுவது மட்டும்தான் குற்றம் என்று இல்லை. நுழைவது, கிளை கழிப்பது, பட்டை உரிப்பது, மாடு மேய விடுவது எல்லாமே குற்றம்தான். கூடுதலாக, பர்கூர் மலைப்பகுதியில் 2024-இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் என்றால் வனச் சட்டத்தோடு 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து வரும். அதில் சமாதானப் பேச்சுக்கு இடம் குறைவு.

இரண்டு, அந்த வருவாய்க் கிராமம் மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்டதா? 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட கிராமங்களில் மட்டும் நடக்கும். அங்கே பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். கீழே சமவெளியில் எடுத்துப் பழகிய காகிதம் அங்கே பேசாது. ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வது வேறு. அது கட்டடம், மனைப்பிரிவு சம்பந்தப்பட்டது. "எங்க ஊரு ஹாகாவில் இல்லைங்க, அதனால் மரம் வெட்டலாம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இரண்டு பட்டியலையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்.

மூன்று, யார் வெட்டுவது? அந்தப் பக்கத்து மலைகளில் ஊராளி, சோளகர் மக்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் காய்ந்த சுள்ளியைப் பார்த்துவிட்டு, "அவர்கள் எடுக்கலாம், நாங்கள் எடுக்கக்கூடாதா?" என்று கேட்பது வழக்கம். 2006-ஆம் வருடத்து வன உரிமைச் சட்டம் அங்கே தலைமுறையாக வாழ்கிறவர்களுக்குச் சிறு வன விளைபொருள் சேகரிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. புதர்ச் சுள்ளியும் அடிக்கட்டையும் அதில் அடக்கம். கொண்டுபோவதற்கான சீட்டையும் கிராம சபை வழியாகவே கொடுக்கலாம் என்று 2012-இல் விதி திருத்தினார்கள். அது அவர்கள் உரிமை. அவர்களிடமிருந்து வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு டெம்போ நிறையப் பச்சை மரம் இறக்கினால், அகப்படுவது அந்த மக்கள்தான். அந்த மாதிரி வியாபாரத்துக்கு நான் வண்டி கொடுத்ததில்லை.

இனி ரோடு. லோடு ஏறியதும் முதலில் எடைமேடை. அந்தச் சீட்டில் தேதியும் நேரமும் வண்டி எண்ணும் அச்சாகி இருப்பதால், எங்கே எப்போது ஏற்றினோம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. பச்சையாக ஏற்றினால் எடை கூடும், பாய்லர்காரர் ஈரத்துக்குக் கழிப்பார். வெட்டிக் கொஞ்ச நாள் போட்டு ஏற்றினால் எடை இறங்கும், விலை ஏறும். எது லாபம் என்று வியாபாரியோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் டன் கணக்கு நிற்காது.

ஓவர்லோடு போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். முள் வெளியே நீட்டிக்கொண்டு போனால் அதற்குத் தனியாக 20,000. விறகு லாரியில் முள் நீட்டுவது சாதாரணம். பின்னால் பைக்கில் வருகிறவர் கண்ணுக்கு அது சாதாரணம் இல்லை. தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டினால் இரண்டு தொல்லையும் தீரும். சொந்த டிராக்டர் இருக்கிறதே என்று டிரெய்லரில் போட்டுத் திருப்பூருக்கு ஓட்ட நினைத்தால் யோசியுங்கள். விவசாயத்துக்கென்று பதிவான வண்டி அது, வாடகைச் சரக்கு ஏற்றினால் ஆர்.டி.ஓ. பிடிப்பார்.

ஜிஎஸ்டி பற்றி வியாபாரிகள் பயமுறுத்துவார்கள். விறகுக்கு வரி கிடையாது. வரி இல்லாத சரக்கு என்பதால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) கேட்க மாட்டார்கள். அறுவைக்குப் போகும் உருட்டுக்கட்டைக்கு வரி உண்டு. நீளமான, நேரான, பெருத்த கட்டையை முழுசாக ஏற்றிக்கொண்டு விறகு என்று பில் போட்டால் யார் நம்புவார்கள்? பாய்லருக்கு என்றால் பாய்லர் வாயில் நுழையும் அளவுக்குத் துண்டு போட்டே ஏற்றுங்கள்.

வண்டி வாடகைக்கு என்றால் வண்டிக்காரரிடமும் ஒளிக்காதீர்கள். தமிழ்நாட்டு வனச் சட்டத்தில் 41-ஆம் பிரிவில் மரத்தையும் வண்டியையும் கைப்பற்றலாம். 49-ஏ பிரிவில் வண்டியையே அரசுடைமை ஆக்கலாம். கோர்ட் கேஸ் ஒரு பக்கம் நடக்க, இது தனியாக நடக்கும். "எனக்குத் தெரியாதுங்க, வாடகைக்குத்தான் போனேன்" என்பதை வண்டிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். பழக்கமான லாரிக்காரர் நீங்கள் நீட்டும் காகிதத்தைப் பார்க்காமல் சாவி போட மாட்டார். பார்க்காமல் கிளம்புகிறவரை நம்பாதீர்கள்.

மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால் நம் விலக்கெல்லாம் வாளையாறு, காரப்பள்ளம் எல்லைச் செக்போஸ்ட்டுகளோடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் அவரவர் பட்டியல். இங்கே சீட்டு வேண்டாத மரத்துக்கு அங்கே சீட்டு கேட்கலாம். நாடு முழுவதும் ஒரே சீட்டு என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு இணையவழி முறை ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. வெளி மாநிலத்துக்கு அனுப்புகிறவர்கள் சரக அலுவலகத்தில் அதைக் கேட்டுக்கொள்ளட்டும். சத்தியமங்கலத்திலிருந்து கர்நாடகாவுக்குப் போகும் திம்பம் மலைப்பாதை வழி என்றால் ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இருபத்தேழு கொண்டை ஊசியில் விறகு லோடோடு ஏறுவது பகலிலேயே சுகமான வேலை இல்லை. உங்களுக்குத் திருப்பூர்தான், இந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த மாதம் மூலனூர் வி.ஏ.ஓ.விடம் போய், வாரிசுகள் கையெழுத்தோடு சீமைக் கருவேலத்துக்கு மட்டும் சான்று வாங்குவேன். வியாபாரியோடு போடும் ஒப்பந்தத்தில் சர்வே எண், சீமைக் கருவேலம் மட்டும், தூரோடு, இன்ன தேதிக்குள் என்று எழுதுவேன். வெள்வேலுக்கும் பனைக்கும் தேக்குக்கும் அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடிப்பேன், "வெள்ளை அடித்ததைத் தொட்டால் லோடு ஏறாது" என்று வெட்டுகிற ஆட்களிடம் நேரிலேயே சொல்வேன். மின்கம்பி பக்கத்தில் இருப்பதை மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தச் சொன்ன பிறகுதான் சாய்ப்பேன். லோடு ஏற்றும் நாள் முழுக்க வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பேன், கிணற்றோரம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு. அந்தியூர் நிலத்துக்கு இப்போதைக்கு எல்லைக்கல் காட்டச் சொல்லி ஒரு மனு மட்டும். மாமனாரிடம் பேசி, கல்லைக் காட்டும் வரைக்கும் அங்கே ஒரு சுள்ளியும் அசைய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.